மழலையரிடம் கற்ற மிஷனெரிகள்



இக்கோடை விடுமுறையில் நம் சபையின் பதின்பருவப் பிள்ளைகள் சிலர், கடல் கடந்த நாடொன்றில் நடைபெறும் சிறுவர் பகல்முகாமில் தொண்டாற்றச் செல்லவிருக்கின்றனர். சென்ற ஞாயிறு ஆராதனைக்குப் பின், அவர்களுள் ஒருவரின் தந்தை என்னிடம் வந்து, "ஐயா, அவ்வூர் மொழியும் தெரியாது, வயதும் போதாது; இவர்கள் அங்கே போய் எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள்?" என்று வினவினார். நியாயமான கேள்வி. இதற்கான விடை, அயல்நாட்டிலிருந்து நம் பிள்ளைகளிடம் வந்தவர்களின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்க் ஐயருக்கு இருபத்தைந்து வயதும் நிரம்பவில்லை. தமிழில் ஓர் எழுத்தும் அறியாத அவர், திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்தில் பள்ளி நடத்தச் செய்தார். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுதிப் பழகினார். பின்னர்ப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தது அந்த விரல்தான்.

சுவார்ட்ஸ் ஐயர் 1750ஆம் ஆண்டு வந்தபோது அவருக்கு வயது 23. ஜெர்மனியின் ஹாலே நகரில் மாணவராயிருந்தபோதே அவர் தமிழ் பயிலத் தொடங்கிவிட்டார். ஆயினும் இங்கு வந்த பின், தமிழ்ப் பள்ளியின் மிகச் சிறிய பிள்ளைகளிடையே பணியைத் தொடங்கி, அவர்களுடைய மழலையோடு தாமும் திக்கித் திணறிப் பேசக் கற்றதாகத் தம் அனுபவத்தைப் பதிவுசெய்திருக்கிறார். 1762ஆம் ஆண்டு அவர் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, படைவீரர்களின் பிள்ளைகள் பலர் திக்கற்றவர்களானபோது, அவர்களுக்கென்று பள்ளி ஏற்படுத்தினார். பின்னர் அவர் தஞ்சையையே தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். அவ்விரு நகரங்களையும் இணைக்கும் சாலையில்தான் இன்று நம் காட்டூர் அமைந்திருக்கிறது.

வயது போதாது என்பதற்கும் வரலாறு மறுமொழி தருகிறது. திருநெல்வேலியிலிருந்து சுவார்ட்ஸ் ஐயர் தம்முடன் அழைத்துவந்த சிறுவன் வேதநாயகத்திற்கு அப்போது வயது ஏறத்தாழ 12. அவரே தம் 19ஆம் வயதில் தஞ்சையில் ஆசிரியப் பொறுப்பேற்று, பிற்காலத்தில் வேதநாயகம் சாஸ்திரியார் என்று புகழ்பெற்றார். பிள்ளையாக நடத்தப்பட்டவர் பிள்ளைகளை நடத்துபவரானார்.

விடுமுறை வேதாகமப் பள்ளியின் வரலாறும் இதனையே உரைக்கிறது. 1898ஆம் ஆண்டு நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில், தெருவில் திரிந்த ஏழைச் சிறுவர்களுக்காக எலிசா ஹாஸ் அம்மையார் மதுக்கடை ஒன்றின் இடத்தை வாடகைக்கு எடுத்துப் பாடம் நடத்தினார். பிள்ளைகள் இருந்த இடத்திற்கு அவரே சென்றார். 1901 முதல் ராபர்ட் போவில் போதகர் அம்முயற்சியை விரிவாக்கியபோது, கற்பிக்க முன்வந்தவர்களுள் மாணவர்களும் இருந்தனர். இன்று நம் திருச்சபைகளில் கோடைதோறும் பாட்டும் கதையும் கைவேலையுமாக நாம் நடத்துவது அதன் தொடர்ச்சியே.

ஆகவே, புறப்படும் பிள்ளைகளே, கொடுக்கும் கைகளோடு மட்டும் செல்லாதீர்கள். அங்குள்ள குழந்தையின் பெயரைப் பிழையின்றிச் சொல்ல முதல் நாளே பழகுங்கள். உங்கள் உச்சரிப்பைக் கேட்டு அவர்கள் நகைத்தால் நீங்களும் சேர்ந்து நகையுங்கள். அக்குழந்தை உங்களுக்கு ஆசிரியராகும் தருணம் அதுவே. சில நாள் முகாம் ஓர் ஊரை மாற்றிவிடாது. ஆனால் உங்களை மாற்றக்கூடும். அம்மாற்றத்தைக் காட்டூருக்குக் கொண்டுவாருங்கள். நம் தெருவிலும் ஞாயிறு பள்ளிக்கு வராத பிள்ளைகள் உண்டு.

பெற்றோரே, பேச அறியாத சிறுபிள்ளை என்று தயங்கிய எரேமியாவையே ஆண்டவர் அனுப்பினார். ஒரு சிறு பிள்ளையை நடுவே நிறுத்திச் சீடருக்குப் போதித்தவரும் அவரே. அவர் கரத்தில் நம் பிள்ளைகளை ஒப்புவித்து, இவ்வாரம் குடும்ப ஜெபத்தில் அவர்களை நினைவுகூருவோம். ஆமென்.