பறிகொடுத்தவனைக் கேளுங்கள்

ஒரு ஊரில் சரியாக இருப்பது இன்னொரு ஊரில் தப்பாகுமா? நேற்றைய புண்ணியம் இன்றைக்குப் பாவமாகிவிடுமா? பதில் தேடி கிரேக்க ஞானிகளிடம் போக வேண்டாம். கிருஷ்ணகிரி வரை போனால் போதும்.

ஓசூரில் சிப்காட் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு, இந்த வட்டாரத்தில் சொத்து என்றால் மாடுதான். கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் பக்கமெல்லாம் நடுகற்கள் நிற்கின்றன. பல்லவர் காலக் கற்களில் மாட்டு மந்தைக்குப் பெயர் 'தொறு'. எல்லை தாண்டினால் கன்னட வீரக்கற்களில் அதுவே 'துறு'. தொறுவை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு!

மாடு திருடியவனுக்குச் சிலையா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அது போர் முறை. தொல்காப்பியம் அதற்கு 'வெட்சி' என்று ஒரு திணையே வகுத்திருக்கிறது.

அப்படியானால் சரி, தப்பு எல்லாம் அவரவர் பார்வைதானா? அவசரப்பட வேண்டாம். மாட்டை இழந்த ஊர், "ஆஹா, என்ன வீரம்!" என்று கைதட்டிக்கொண்டு நிற்கவில்லை. உயிரைக் கொடுத்து மீட்க ஓடியது. கவர்ந்தவன் ஊருக்கு அது புகழ். பறிகொடுத்தவனுக்கு அன்றைக்கும் அது அநியாயம்தான்.

இதே மாவட்டத்தில் இன்னொரு வகைக் கல்லும் உண்டு. வீரன் பக்கத்தில் ஒரு பெண், வளையல் அணிந்த கையை உயர்த்தியபடி. அது சதிக்கல். கணவனோடு தீயில் இறங்கியவளை ஊர் தெய்வமாக்கிக் கும்பிட்டது. 1829 டிசம்பரில் பெண்டிங்க் வங்காளத்தில் சதியைத் தடை செய்தார். அடுத்த வருஷமே சென்னை மாகாணத்திலும் தடை வந்தது. "எங்கள் வழக்கத்தில் தலையிடாதே" என்று லண்டன் பிரிவி கவுன்சில் வரை மனு போனது, 1832-ல் தள்ளுபடி.

மனு போட்டவர்கள் இந்தியர்கள். சதி கூடாது என்று வருஷக்கணக்காக எழுதிய ராம்மோகன் ராயும் இந்தியர்தான். ஒரே நாடு, ஒரே காலம், ஒரே மதம்... ஆனால் இரண்டு குரல். அப்புறம் எது 'நம் பண்பாடு'? வழக்கம் என்று பேசியவர்கள் யாரும் சிதையில் ஏறப்போகிறவர்கள் இல்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

சட்டங்கள் மாறும், பெயர்கள் மாறும். வலிக்கிறவருக்கு வலிப்பது மட்டும் மாறுவதில்லை. ஒரு வழக்கம் நியாயமா என்று பார்க்க, அதற்கு விலை கொடுக்கிறவரைக் கேட்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

கிருஷ்ணகிரி மலைக்கிராமங்களில் குழந்தைத் திருமணம் இன்னமும் நடக்கிறது. 1929-ல் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயது என்றது, இப்போது 18. "எங்க பக்கம் வழக்கம் சார்" என்பதுதான் வருகிற பதில்.

சதிக்கல்லில் நிற்கிறவளிடம் இனி எதையும் கேட்க முடியாது. பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டு மணையில் உட்காரவைக்கப்படுகிற பெண்ணிடம் கேட்கலாம்.

கேட்கிறோமா?