பிரைமரித் தேர்தலும் பறிக்கப்பட்ட வாக்குரிமையும்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஆளுநர் முதலிய பதவிகளுக்குக் கட்சியின் வேட்பாளரைத் தலைவர்கள் நியமித்துவிடுவதில்லை. பொதுத் தேர்தலுக்கு முன்னர் வாக்காளரே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். இதனைப் 'பிரைமரி' என்பர். பாதிக்கு மேற்பட்ட வாக்கு எவருக்கும் கிட்டாவிடில், முதலிரு இடம் பெற்றோரிடையே மறுதேர்தல் நடைபெறும்.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே டெமாக்ரடிக் கட்சியே மேலோங்கி நின்றது. அதன் பிரைமரியில் வென்றவர் பொதுத் தேர்தலிலும் வெல்வது ஏறத்தாழ உறுதி. ஆகவே பிரைமரியில் இடமில்லாதவருக்கு வாக்குரிமை இருந்தும் பயனில்லை. இதை நன்கறிந்தே, கறுப்பின மக்கள் அக்கட்சியின் பிரைமரியில் பங்குபெறலாகாது என்று 1923ஆம் ஆண்டில் சட்டம் இயற்றினர்.

எல்பாசோ நகர மருத்துவர் லாரன்ஸ் நிக்ஸன் 1924இல் வாக்களிக்கச் சென்று திருப்பியனுப்பப்பட்டார், வழக்குத் தொடுத்தார். 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாதென்றது. உடனே சட்டமன்றம், யார் வாக்களிக்கலாம் என முடிவுசெய்யும் அதிகாரத்தைக் கட்சியின் செயற்குழுவிடம் அளித்தது. 1932இல் அதுவும் வீழ்ந்தது. பின்னர் கட்சி மாநாடே தடை விதித்தது. கட்சி தனியார் சங்கம். தன் உறுப்பினரைத் தானே வரையறுக்கலாம் என்று 1935இல் நீதிமன்றமும் ஒப்பியது!

ஹூஸ்டன் நகரப் பல்மருத்துவர் லானி ஸ்மித்துக்காகத் தர்குட் மார்ஷல் வாதாடிய வழக்கில், பிரைமரியும் தேர்தலின் பிரிக்கவொண்ணா உறுப்பே என்று 1944 ஏப்ரல் 3ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளுள் ஒருவரே மாறுபட்டார். அவ்வாண்டு ஜூலையில், இருபதாண்டுகள் காத்திருந்த டாக்டர் நிக்ஸன் வாக்களித்தார்.

வேட்பாளரின் பெயர் முடிவாகும் இடத்திலேயே வாக்கின் மதிப்பும் முடிவாகிவிடுகிறது என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.