வரைபடத்தில் விட்டுப்போன கட்டம்

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "வழக்கம்போல ஹாஸ்டல் கதையே எழுதாதப்பா, உன் தொழிலைப் பத்தி ஏதாவது எழுது" என்றார். என் தொழில் படம் போடுவது. கட்டிடத்துக்கு அல்ல, கம்பெனிகளுக்கு! என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று இதற்குப் பெரிய பெயர். 1987-ல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஜாக்மன் எழுதிய கட்டுரையிலிருந்து இதன் சரித்திரத்தைத் தொடங்குவார்கள். நான் திருப்பூரிலிருந்து தொடங்குகிறேன்.

இந்தத் துறையில் 'கேப்பபிலிட்டி' என்று ஒன்று சொல்வோம். ஒரு நிறுவனத்துக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அது. புரியவில்லையா? ஹாஸ்டல் கதை வேண்டாம் என்றாலும் நம்ம மெஸ்ஸை இழுக்காமல் முடியாது. மெஸ்ஸைக் காண்டிராக்டர் நடத்தலாம், மாணவர் கமிட்டி நடத்தலாம். விறகு போய் கேஸ் வரலாம். ஆனால் சாமான் வாங்குவது, சமைப்பது, பரிமாறுவது, மிச்சத்தை அப்புறப்படுத்துவது, கணக்கு எழுதுவது என்ற ஐந்தும் இருந்தே ஆக வேண்டும். யார் செய்கிறார், எப்படிச் செய்கிறார் என்பதைத் தள்ளிவைத்து, 'என்ன' என்பதை மட்டும் கட்டம் கட்டமாக எழுதினால் அதுதான் கேப்பபிலிட்டி வரைபடம்.

இப்போது திருப்பூருக்கு வருவோம். 1920-களில் இங்கே பனியன் தொழில் கால் ஊன்றியது. வெகுகாலம் உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன்தான். 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் பம்பாய் வழியாக வெள்ளை டி-சர்ட் தேடி இங்கு வந்தார். ஏற்றுமதிக்கு வாசல் திறந்தது. 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகு, ஒரே கூரையின் கீழ் நடந்த வேலைகள் பிரிந்து வெளியே போவது வேகமெடுத்தது. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், பிரிண்டிங் ஒரு இடம், காஜா பட்டன் இன்னொரு இடம். எல்லாம் ஜாப் ஒர்க். 1990-ல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானபோது ஊரே ஒரு பெரிய கம்பெனி மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்தக் கம்பெனிக்கு முதலாளி கிடையாது. முழுப் படமும் யார் கையிலும் இல்லை.

2010-ல் நம் கல்லூரியை விட்டு வந்ததும் ஒரு ஏற்றுமதி கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். புது சாஃப்ட்வேர் போட, கம்பெனியின் வேலைகளைப் படமாகப் போடச் சொன்னார்கள். ஸ்டோர்ஸ், மெர்ச்சண்டைசிங், கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், பேக்கிங் என்று டிபார்ட்மென்ட் வாரியாக அழகாகப் போட்டுச் சுவரில் ஒட்டினேன். கட்டிங் மாஸ்டர் நின்று பார்த்தார்.

"எல்லாம் போட்டிருக்கீங்க தம்பி. சாயம் எங்கீங்க?"

"அது வெளிய ஜாப் ஒர்க்குங்க மாஸ்டர். நம்ம வேலை இல்லீங்களே."

"வெளிய குடுத்துட்டா நம்ம வேலை இல்லைன்னு ஆயிருமாங்க?"

சிரித்துவிட்டுப் போய்விட்டார். நானும் சிரித்தேன்.

சில மாதங்களில், 2011 ஜனவரி 28 அன்று, சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள்! எங்கள் கோடவுனில் சாயம் ஏறாத துணி கூரை வரை குவிந்தது. ஷேடு சொல்லி அனுப்ப ஆள் இல்லை. வெளியூருக்கு லாரி லாரியாகப் போனது. பவர் டேபிள்காரர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். என் படத்தில் இருந்த அத்தனை கட்டங்களும் படத்தில் இல்லாத ஒரு கட்டத்துக்காகக் காத்திருந்தன.

அப்போதுதான் டிபார்ட்மென்டை மறந்துவிட்டு, 'ஒரு டி-சர்ட் கப்பலேற என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?' என்று மறுபடி எழுதினேன். சாயம் என்ற கட்டத்தைப் பிரித்தால் நிறம் பொருத்துவது, தண்ணீர் கொண்டுவருவது, சாயம் ஏற்றுவது என்று வந்தது. கடைசியாக, கழிவுநீரைச் சுத்தம் செய்வது. அதற்கு நேராக 'யார்?' என்று எழுதும்போது பேனா நின்றது. ஏற்றுமதியாளரைக் கேட்டால் பட்டறையைக் காட்டுவார். பட்டறை, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைக் காட்டும். அந்த நிலையங்களோ சாயத்தின் உப்பைப் பிரிக்க முடியாமல் திணறின. பருத்தியில் சாயம் ஏற உப்புப் போட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, தண்ணீரோடு போய்விடும். சாதாரணச் சுத்திகரிப்பில் பிரியவும் பிரியாது. அத்தனையும் நொய்யலுக்குப் போனது. விவசாயத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. நமக்கு அந்தக் கட்டம் விட்டுப்போயிற்று. ஆற்றுக்குக் கீழே இருந்த விவசாயிகளுக்கு நிலமே போயிற்று. அவர்கள்தான் கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று 2006-லேயே உயர் நீதிமன்றம் சொல்லி, 2009-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருந்தது. ஆகவே 2011 திடீரென்று விழுந்த இடி அல்ல. படத்தைப் பார்க்காதவர்களுக்குத்தான் அது இடி.

பிறகு தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறைக்கு மாறி, பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அந்தச் செலவு இன்று சாயக் கூலியிலேயே சேர்ந்து வருகிறது. அதாவது, விட்டுப்போன கட்டத்துக்கு இப்போது விலை போட்டுவிட்டோம். முன்பு அதே விலையை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்தத் துறைக்கு வரும் ஜூனியர்களுக்கு நான் சொல்வது இதுதான். படம் போடும்போது, வேலையை வெளியே கொடுத்திருந்தாலும் அதன் கட்டத்தை அழிக்காதீர்கள். 'அது நம்ம வேலை இல்லீங்க' என்று எல்லாரும் எதைச் சொல்கிறார்களோ, அதற்கு முதலில் கட்டம் போடுங்கள்.

கட்டிங் மாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார். போன தீபாவளிக்குப் பார்க்கப் போனபோது, "இப்பப் படத்துல சாயம் இருக்குங்களா தம்பி?" என்று கேட்டார். இருக்கிறது மாஸ்டர். சாயத்துக்கு அந்தப் பக்கம் ஆறும் இருக்கிறது.