பெருக்க மரமும் அதன் மருத்துவமும்

கற்பிட்டித் தீபகற்பத்துக் குறிஞ்சிப்பிட்டி முதலாகப் புத்தளம், மன்னார், நெடுந்தீவு ஈறாகவுள்ள ஈழத்து மேலைக் கரையோரம் பண்டுதொட்டு அராபிய வணிகர் மரக்கலங்கள் அணைந்த கரையாகும். இக்கரையிலே அவர்தம் வருகையின் சான்றாக நிற்பது பெருக்க மரம். பப்பரப்புளி, ஆனைப்புளி எனவும் இது வழங்கும். பப்பரம் என்பது நம் முன்னோர் எண்ணிய அயல் தேசங்களுள் ஒன்றாதலின், பெயரே பிறப்பிடத்தைச் சுட்டுகின்றது எனலாம். இதன் தாயகம் ஆபிரிக்கா. ஒட்டகத்துக்கு இரையாகும் பொருட்டு அராபியர் கொணர்ந்தனர் என்பது செவிவழிச் செய்தி. மன்னாரிலும் புத்தளத்திலும் இம்மரம் நின்றமையை 1859 இல் வெளிவந்த தமது இலங்கை வரலாற்று நூலில் எமர்சன் தெனன்ற் குறித்துள்ளார்.

1344 இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்ட பட்டினம் புத்தளமே என்பர் அறிஞர். அவரே 1352 இல் மாலி நாட்டுக்குச் சென்றபோது, பொந்து விழுந்த பெருமரமொன்றினுள் நெசவாளன் ஒருவன் தறியிட்டு நெய்தமையைக் கண்டு வியந்தார். அது பெருக்க மரமே எனக் கருதப்படுகின்றது.

1749 இல் செனகல் சென்ற பிரெஞ்சு இயற்கையறிஞர் மிசேல் அதான்சன் இம்மரத்தை விரித்தெழுதினார். அவர் பெயராலேயே இலின்னேயசு இதற்கு அதான்சோனியா எனப் பெயரிட்டார். அதான்சன் காய்ச்சலுக்கு இதனை நன்மருந்தென நம்பினார். பின்னர் ஐரோப்பாவிலே கொயினாவுக்கு மாற்றாக இதன் பட்டை பேசப்பட்டது. ஆயின், கொயினா சிங்கோனாப் பட்டையினின்று கிடைப்பது. பெருக்கம்பட்டையில் அஃது இல்லை.

இவ்வேறுபாடு வெறும் நூலறிவன்று. 1934-35 இல் மலேரியாக் கொள்ளைநோய் இந்நாட்டிற் பல்லாயிரவரை மாய்த்தது. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அவ்வெற்றி நுளம்பொழிப்பாலும், குருதிச் சோதனையாலும், தக்க மருந்தாலும் வந்தது. ஆதலின், பழம்பெருமை பேசிக் கடுங்காய்ச்சலுக்குப் பட்டைக் கஷாயத்தையே நம்பியிருத்தல் உயிருக்கு ஊறு விளைக்கும்.

எனினும் மரம் பயனற்றதன்று. கனியின் உலர்ந்த சதையில் உயிர்ச்சத்து சி தோடம்பழத்தினும் மிகுதி. ஆபிரிக்க மக்கள் அதனை நீரிற் கரைத்துப் பருகுவர், வயிற்றோட்டத்துக்கும் கொடுப்பர். இளந்தளிரைக் கறியாக்குவர். 2008 இல் ஐரோப்பிய ஒன்றியம் அச்சதையை உணவுப் பொருளாக ஏற்றது. ஆனால், அவ்வேற்பு சதைக்கேயுரியது. பட்டைக்கோ விதைக்கோ அன்று. பச்சை விதையில் சத்துகள் உடலிற் சேராவண்ணம் தடுக்கும் பொருள்கள் உள. ஊறவைத்தலும் வறுத்தலும் அவற்றைக் குறைக்கும். வயிற்றோட்டத்தால் உடல்நீர் வற்றிய குழந்தைக்கு முதலில் வேண்டுவது உப்புச் சர்க்கரைக் கரைசலும் வைத்தியர் உதவியுமே.

உணவாக நிலைபெற்றது வேறு. மருந்தாகச் சோதித்துத் தெளிந்தது வேறு. இவ்விரண்டையும் பகுத்தறிவதே முன்னோர் மரபுக்கு நாம் செய்யும் மதிப்பாகும். அயலிலிருந்து வந்து நம் கரையிலே வேரூன்றிய இம்முதுமரங்களோ சிலவே எஞ்சியுள்ளன. பட்டையுரித்து அவற்றை நலியச் செய்யாது, வரலாற்றுச் செல்வமாகப் பேணுதல் நம் கடன்.