கூதிர்காலத்தின் கேள்வி: தாது வருடமும் மழைக் கணிப்பும்

பந்தியில் அவசரமாகச் சாப்பிடுகிறவனைப் பார்த்து, ‘தாது வருசப் பஞ்சத்துல அடிபட்டவன் மாதிரி’ என்று பெரியவர்கள் சொல்வதைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். சொன்னவர்களில் எவரும் அந்தப் பஞ்சத்தைக் கண்டவர்களல்லர். அறுபது ஆண்டுச் சுழற்சியில் தாது என்னும் பெயர் 1936இலும் 1996இலும் மீண்டும் வந்துபோயிற்று. ஆயினும் தாது வருடம் என்றால் நம் நினைவில் 1876தான். பஞ்சத்தின் கொடுமைகளைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டின் ஐப்பசி மாதத்தில், பஞ்சம் இன்னும் பஞ்சமாக முற்றாத நிலையில், இனி மழை வருமா என்ற கேள்விக்கு யாரிடம் என்ன விடை இருந்தது என்பதை மட்டும் இங்கே பார்க்க விரும்புகிறேன். அந்தக் கேள்வியின் பின்கதை நூறாண்டுகளுக்கு மேல் நீள்கிறது.

தமிழ் இலக்கண மரபு ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்னும் பெரும்பொழுதாகக் கொள்ளும். தொல்காப்பியம் அதைக் குறிஞ்சித் திணைக்கு உரியதாக்கியது. நெடுநல்வாடை மழை பொழிந்த கூதிர்ப் பொழுதையே தன் களமாகக் கொண்டது. அங்கே குளிர் உண்டு, பிரிவு உண்டு. மழை வருமா என்ற ஐயம் இல்லை. ஆனால் இந்த நிலத்தில் உழுது வாழ்ந்தவனுக்கு அந்த ஐயம் ஒவ்வோராண்டும் இருந்திருக்கும். இந்தியாவின் பெரும்பகுதிக்கு மழை என்பது ஆனியில் தொடங்கிப் புரட்டாசியில் முடியும் தென்மேற்குப் பருவக்காற்றின் கொடை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவிலிருக்கும் தமிழ்நாட்டுக்கு அதில் கிடைப்பது குறைவு. நம் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் வந்தாக வேண்டும். அதுவும் நிதானமாக வருவதில்லை. வங்கக் கடலில் உருவாகும் சில தாழ்வு நிலைகள் கரையைத் தொட்டால் ஏரிகள் நிரம்பும். அவை வடக்கே திரும்பிவிட்டால் அவ்வாண்டு அவ்வளவுதான். நான்கைந்து நாள் மழை ஓராண்டின் விதியை முடிவுசெய்கிற நிலம் இது.

1876இல் சென்னை ராஜதானியின் உள்மாவட்டங்களில், குறிப்பாகப் பல்லாரி, கர்னூல், கடப்பைப் பகுதிகளில், தென்மேற்குப் பருவமழை குன்றியது. அது முதல் அடி. இருப்பினும் கூதிர் மழை மீதியிருந்தது. அது வந்தால் நஞ்சைகள் பிழைக்கும், ஏரிகளில் நீர் சேரும், தானிய விலை இறங்கும். குடியானவனும் வியாபாரியும் கலெக்டரும் அந்த மழையையே எதிர்நோக்கினர். தானியம் வைத்திருந்தவர்கள் மட்டும் வேறு கணக்குப் போட்டனர். அக்டோபரில் விலை தாவி ஏறத் தொடங்கியது. மழை வராது என்று சந்தை முதலில் முடிவுகட்டிவிட்டது. அரசாங்கம் அந்த முடிவுக்கு வரக் கூடுதல் நாட்கள் ஆயின. அதற்குள் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்துப்போயிற்று.

அன்று வானிலையை அளக்கும் வசதி இல்லாமலில்லை. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் எழுப்பிய வானாய்வுக்கூடம் இருந்தது. அதை அமைத்த மைக்கேல் டாப்பிங்கின் பெயரும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வாசகங்களும் பொறித்த கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. 1796 முதல் அங்கு வானிலைக் குறிப்புகள் எடுக்கப்பட்டன. 1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கப்பட்டு, ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவராக அமர்ந்திருந்தார். பெய்த மழையை அங்குலக் கணக்கில் சொல்ல ஆட்கள் இருந்தனர். பெய்யப்போவதைச் சொல்ல யாருமில்லை.

ஊரில் பஞ்சாங்கம் இருந்தது. மார்கழியில் மேகம் கருக்கொள்வதைப் பார்த்துப் பின்வரும் மழையைச் சொல்லும் கர்ப்போட்டக் கணக்கு இருந்தது. அந்தக் கருவுக்கு 195 நாட்கள் என்று வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை கூறும். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஒரு பருவத்தின் வானத்தில் தென்படும் குறியிலிருந்து மாதங்கள் கடந்த வேறொரு பருவத்தின் மழையை ஊகிக்கலாம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. பின்னர் வந்த விஞ்ஞானமும் அதே எண்ணத்தைக் கொண்டுதான் தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மழை பொய்த்தபின் நடந்தது வானிலையின் கதையல்ல. கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் சென்னை அரசாங்கம் 30,000 டன் தானியம் வாங்க முற்பட்டபோது, சந்தையில் தலையிடலாகாது என்று இந்திய அரசாங்கம் கடிந்துகொண்டது. 1877 ஜனவரி முதல் நாள் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக அறிவிக்கும் தர்பாரை டில்லியில் லிட்டன் நடத்தினார். அம்மாதமே செலவைக் குறைக்கும் பணியோடு தெற்கே அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். மண் வெட்டிச் சுமக்கும் உடம்புக்கு இது போதாது என்று ராஜதானியின் சுகாதார கமிஷனர் கார்னிஷ் எண்களோடு எதிர்த்தார். சில மாதங்களில் கூலி திருத்தப்பட்டது. அந்தச் சில மாதங்களில் இறந்தவர்களுக்கு அத்திருத்தத்தால் பயனில்லை. இதே காலத்தில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. 1876–78 பஞ்சத்தில் இந்தியாவில் இறந்தோர் ஏறத்தாழ 55 இலட்சம் முதல் 1 கோடி வரை என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. மதிப்பீடுகளுக்கிடையே நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் ஏறியிறங்குகின்றன என்பதே அந்த மனிதர்கள் எவ்வளவு கவனமாக எண்ணப்பட்டார்கள் என்பதைச் சொல்லிவிடும்.

பஞ்சத்தை ஆராய ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த குழு 1880இல் அறிக்கை தந்தது. வறட்சியை முன்கூட்டி அறிய இயலுமா என்ற கேள்வி அதன்பின் பிளான்ஃபோர்டின் மேசைக்கு வந்தது. இமயத்தில் கோடையின் முகப்பில் பனி அதிகமாகத் தங்கினால் வறண்ட காற்று வீசிப் பருவமழை குன்றும் என்று அவர் கண்டார். 1882 முதல் சோதனை முறையில் கணிப்புகளை வெளியிட்டு, 1884இல் அக்கருத்தை ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1886 ஜூன் 4ஆம் நாள் முதல் முறையான பருவக் கணிப்பு வெளிவந்தது. அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் மொரீஷியஸ், ஆஸ்திரேலியா வரை தகவல் திரட்டிப் பக்கம் பக்கமாகக் கணிப்பு எழுதினார். 1899இல் நம்பிக்கை தரும் கணிப்பு வெளிவந்தபின் நாடு மாபெரும் வறட்சியில் விழுந்தது. பத்திரிகைகள் எள்ளின. அடுத்துச் சில ஆண்டுகள் முன்னறிவிப்புகள் பொதுமக்கள் கண்ணில் படாத இரகசியக் காகிதங்களாகவே இருந்தன.

அந்த நிலையில் 1904இல் பொறுப்பேற்றவர் கில்பர்ட் வாக்கர். வானிலை படித்தவரல்லர், கணிதவியலாளர். தமிழ் வாசகர்களுக்கு அவரை வேறொரு வழியிலும் அறிமுகப்படுத்தலாம். 1913இல் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்த இராமானுஜனின் குறிப்புகளைப் பார்த்து, அவருக்கு உதவித்தொகை வழங்கும்படி பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவர் அவர். காரணம் புரியாவிட்டாலும் எண்களுக்கிடையே உள்ள உறவைத் தேடுவோம் என்பது வாக்கரின் வழி. உலகெங்கும் உள்ள காற்றழுத்தம், வெப்பநிலை, மழை ஆகியவற்றின் அட்டவணைகளை இந்திய எழுத்தர்கள் கையால் கணக்கிட்டு ஒப்பிட்டனர். பசிபிக் பெருங்கடற் பகுதியில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடற் பகுதியில் இறங்குகிறது, மாறியும் நிகழ்கிறது என்ற ஊசலாட்டம் தெரிந்தது. 1920களில் அதற்குத் ‘தெற்கத்திய அலைவு’ என்று பெயரிட்டார். பெரு நாட்டு மீனவர்கள் அறிந்திருந்த எல் நினோ என்னும் கடல் வெப்பத்தோடு அது பிணைந்தது என்பதை 1969இல் ஜேக்கப் பியர்க்னஸ் விளக்கினார். சேலத்திலும் பல்லாரியிலும் மக்கள் மாண்ட பஞ்சத்தை அடுத்துத் தொடங்கிய தேடல், பசிபிக் கடலில் போய் விடை கண்டது.

ஆனால் இங்கே ஒரு முரண் இருக்கிறது. பிளான்ஃபோர்டும் எலியட்டும் வாக்கரும் முதன்மையாகத் தேடியது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையை. பேரரசின் வருவாய்க்கும் வட இந்தியாவின் கோதுமைக்கும் அதுவே முக்கியம். தாது வருடத்தில் தமிழ் மாவட்டங்களின் குடியானவன் கேட்டது வேறு மழையைப் பற்றி. அந்த மழைக்கு எல் நினோ பெரும்பாலும் பகையல்ல, நட்பு. நாடு முழுதும் வறளும் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை சராசரியை மிஞ்சுவதே அதிகம். அதற்கு எதிரான லா நினா, தென்மேற்குப் பருவத்துக்கு உதவினாலும், நம் கூதிருக்குப் பல சமயம் வறட்சியைத் தருகிறது. 1877இல் எல் நினோ வலுவாக எழுந்தது. அகில இந்தியத் தென்மேற்குப் பருவமழைப் பதிவுகளில் மிக மோசமான ஆண்டு அதுவே. ஆனால் அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் சென்னை ராஜதானிக்கு மழை திரும்பியது. நம் பகுதியைக் கொன்ற கூதிர் அதற்கு முந்தையது, 1876இன் கூதிர். 1870களின் தொடக்கத்திலிருந்து அவ்வாண்டு வரை பசிபிக் நெடுநாள் குளிர்ந்து கிடந்ததாகப் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே தாது வருடப் பஞ்சத்தை எல் நினோ என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிடும் வழக்கம், நம் மாவட்டங்களைப் பொறுத்தவரை பாதி உண்மையே.

தென் சென்னை ராஜதானியின் வடகிழக்குப் பருவமழையை முன்கூட்டிக் கணிப்பது பற்றி வானிலைத் துறையின் துரைசாமி ஐயர் 1941இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தாது வருடத்துக்கும் அதற்கும் இடையே 65 ஆண்டுகள். இப்போது நம்மிடம் செயற்கைக்கோள்களும் கணினி மாதிரிகளும் உள்ளன. செப்டம்பர் முடிவிலேயே பருவத்தின் போக்கைப் பற்றி ஏதாவது சொல்லப்படுகிறது. இருந்தும் சில தாழ்வு நிலைகளின் பாதையைத் தொங்கி நிற்கும் பருவம் இது என்பது மாறவில்லை. 2015இன் எல் நினோவில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. அடுத்த ஆண்டு, வலுக்குறைந்த லா நினாவில், தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. வர்தா புயல் தலைநகரின் மரங்களைச் சாய்த்ததே தவிர, மாநிலத்தின் ஏரிகளை நிரப்பவில்லை. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டன.

தாது வருடத்தின் ஐப்பசியில் ஒரு நல்ல கணிப்பு இருந்திருந்தால் அத்தனை உயிர்கள் தப்பியிருக்குமா? இதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஐயமே மிஞ்சுகிறது. நவம்பரில் மழை பொய்த்தது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மக்கள் திரளாக இறந்தது அதற்குப் பின்னர்தான். வரப்போவது தெரியாததால் இழந்த வாரங்களைவிட, வந்துவிட்டது தெரிந்த பின்னும் ஒரு பவுண்டு தானியத்தைப் பற்றித் தர்க்கித்த மாதங்களே நீண்டவை.

அந்தப் பஞ்சத்திலிருந்து விளைந்தவற்றில் வாக்கரின் அலைவைவிட அடக்கமான இன்னொன்று உண்டு. ஸ்ட்ரேச்சி குழுவின் அறிக்கையை ஒட்டி 1883இல் உருவான பஞ்ச விதித்தொகுப்பு அது. அது வானத்தைப் பார்க்கவில்லை. தானிய விலை ஏறுகிறதா, மக்கள் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுக் கிளம்புகிறார்களா, சோதனைக்காகத் திறந்த வேலைத்தலத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று மண்ணில் தெரியும் குறிகளைப் பார்க்கச் சொன்னது. கண்டதும் செய்ய வேண்டியவற்றை முன்னதாகவே எழுதிவைத்தது. அதன் கஞ்சத்தனத்தையும் குறைகளையும் மறைப்பதற்கில்லை. ஆனால் மழை வருமா என்ற கேள்வியோடு, வராவிட்டால் யார் என்ன செய்வது என்ற கேள்வியையும் அது சேர்த்துக் கேட்டது. 1876இன் ஐப்பசியில் மேகத்தைப் பார்த்து நின்றவனுக்கு விடை தேவைப்பட்டது இரண்டாவது கேள்விக்கு. முதலாவதற்கு அவனே காத்திருந்து விடை தெரிந்துகொண்டான்.