ஸ்டூவர்ட் என்னும் குடிப்பெயர்



நான் ஆசிரியப் பணி ஏற்ற முதலாண்டில் ஒருநாள் இங்கிலாந்து வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ஸ்டூவர்ட் என்னும் பெயருடையோர் யாவரும் அரச குலத்தினரோ?" என வினவினான். சற்றும் ஆராயாது, "ஆம்" என்றேன். அவ்விடை பிழையானது. பின்னர்ப் படித்துத் தெளிந்ததை இன்று கூறுகின்றேன்.

ஸ்டூவர்ட் என்பது முதற்கண் ஒரு பதவியின் பெயரேயாகும். பெருமாளிகையின் காவலையும் உணவையும் வரவு செலவையும் மேற்பார்வையிடுவோனைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லினின்று அது பிறந்தது. 12ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் டேவிட், பிரித்தானிக் குடும்பத்தில் தோன்றிய வால்ட்டர் ஃபிட்ஸ் ஆலன் என்பாரைத் தம் அரண்மனை மேற்பார்வையாளராக அமர்த்தினார். ஃபிட்ஸ் ஆலன் என்றால் ஆலனின் மகன் என்பது பொருள். நம்மவர் தந்தை பெயரின் முதலெழுத்தை இட்டுக்கொள்வது போன்றதே அது, குடிப்பெயர் அன்று.

அப்பதவி அவர் வழியினர்க்குப் பரம்பரை உரிமையாயிற்று. பதவி மூத்த மகனுக்கே உரியது. பெயரோ இளையோர்க்கும் ஒட்டிக்கொண்டது. 1298இல் ஃபால்கர்க் போரில் வீழ்ந்த சர் ஜான் ஸ்டூவர்ட், மேற்பார்வையாளரின் தம்பியே. அப்பதவியை வகித்தவர் அல்லர். பதவிப் பெயர் குடிப்பெயரானது இவ்வாறுதான்.

1315இல் இக்குடியின் தலைவர் மன்னர் ராபர்ட் புரூசின் மகள் மார்ஜரியை மணந்தார். புரூசின் மகன் இரண்டாம் டேவிட் மகப்பேறின்றி இறக்கவே, 1371இல் மார்ஜரியின் மகன் இரண்டாம் ராபர்ட் எனும் பெயரில் முடிசூடினார். பணியாளர் குடி அரசர் குடியாயிற்று! அரசி மேரி பிரெஞ்சு நாட்டில் வளர்ந்தமையால், 'இ, டபிள்யூ' என்னும் ஈரெழுத்துக்கு மாற்றாக 'யூ' என்னும் ஓரெழுத்தை இடும் பிரெஞ்சு வழக்கு பரவியது. 1603இல் அவர் மகன் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னரானார். 1649இல் முதலாம் சார்லஸ் தலை துணிக்கப்பட்டார்; 1714இல் அரசி ஆன் மறைவோடு இக்குடியின் ஆட்சி முடிந்தது.

ஆட்சி முடிந்தும் பெயர் அழியவில்லை. பெருநிலக்கிழாரின் பெயரை அவர்தம் குடியானவரும் ஏற்பது அக்கால ஸ்காட்லாந்து வழக்கமாயிருந்தது. பிறர் மனைகளில் மேற்பார்வையாளராய் இருந்தோரும் தொழிலால் அப்பெயர் பெற்றனர். இவர்களின் வழியினர் அல்ஸ்டருக்கும், அமெரிக்காவுக்கும், கனடாவுக்கும், ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர, பெயரும் உடன் சென்றது.

ஆகவே, பெயரொற்றுமை குருதி உறவுக்குச் சான்றாகாது. அம்மாணவனை நான் மீண்டும் காணவில்லை. அவனுக்கு அன்று சொல்லத் தவறிய விடையை உங்களிடம் ஒப்படைக்கின்றேன்.