பண்டைத் தமிழங்காடியிற் சரக்கிருப்பும் குறியீடும்

பண்டைத் தமிழரின் வாணிகத்தைப் பற்றி எழுதப்புகுவோர் பெரும்பாலும் கடலையே நோக்குவர். யவனர் கலமும் மிளகுப் பொதியும் பொன்னும் முத்தும் அவர்தம் கருத்தைக் கவர்ந்துவிடுகின்றன. அதனாற் குறையொன்றும் இல்லை. ஆயினும், துறைமுகத்தில் வந்திறங்கிய பொதி அவிழ்க்கப்பட்டு, உழக்கும் ஆழாக்குமாக ஊரவர் கைக்குச் சென்ற இடம் கடை. அக்கடையை நடத்தியவன் தன்னிடம் யாது உளது, எவ்வளவு உளது, எது தீர்ந்தது என்பவற்றை எவ்வாறு அறிந்தான்? கொள்வோன் கண்ணில் தன் சரக்குப் படுமாறு அதனை எவ்வாறு வைத்தான்? இவ்வினாக்களுக்கு விடைதரும் செய்திகள் நம் இலக்கியங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுட் சிலவற்றை ஈண்டு ஆராய்கின்றோம்.

சிறு வாணிகத்தின் இயல்பை மிகத் தெளிவாகக் காட்டுபவள், கடையே இல்லாத ஒருத்தி. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்ச்சி வைகறையில் தயிர் கடைந்து, வெண்ணெயை எடுத்துவிட்டு, மோர்ப்பானையைப் பூஞ்சுமட்டின்மேல் ஏற்றிச் சென்று விற்கின்றாள். மோருக்கு மாறாகப் பெற்ற உணவுப்பொருளால் சுற்றத்தாரை உண்பிக்கின்றாள். நெய்க்கு விலையாகப் பொன் தரினும் கொள்ளாள். எருமையும் நல்லானும் கரிய நாகுமே பெறுவாள். இப்பகுதியை முல்லைநில வாழ்வின் எளிமைக்குச் சான்றாகக் காட்டிச் செல்லுதல் உரைவழக்கு. யாம் இதனை வேறுபடக் காண்கின்றோம். மோர் அன்றைக்கே விலைபோக வேண்டிய சரக்கு. வைத்திருந்தால் புளித்துக் கெடும். ஆதலின் அது அன்றாட உணவாக மாறுகின்றது. நெய்யோ சேர்த்துவைக்கத் தகுவது. ஆதலின் அது மேலும் மோரையும் நெய்யையும் தரவல்ல முதலாக மாறுகின்றது. கெடும் சரக்கையும் கெடாச் சரக்கையும் பிரித்தறிந்து, ஒன்றன் வருவாயைச் செலவிற்கும் மற்றொன்றன் வருவாயை முதலுக்கும் ஒதுக்கிய இவளை எளியள் எனல் பொருந்தாது. பொன்னை அவள் மறுத்ததும் அறியாமையால் அன்று. பொன் கன்று ஈனாது என்பதை அறிந்தமையால் என்க.

இப்பாட்டைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையையும் பாடினார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஆய்ச்சியின் பானையைக் கண்ட அதே கண் காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலையையும் காண்கின்றது. நீரினின்று நிலத்திற்கு வருவனவும் நிலத்தினின்று நீருக்குச் செல்வனவும் அளவின்றி வந்து குவிகின்றன. சுங்கம் கொள்வோர் மடியின்றி உழைக்கின்றனர். பொதிகளின்மேல் சோழரின் புலிப்பொறி இடப்படுகின்றது. பின் அவை முற்றத்தில் மலைபோல் அடுக்கப்பெற, அவ்வடுக்குகளின்மேல் நாயும் ஆட்டுக்கிடாயும் துள்ளி விளையாடுகின்றன. விலங்கு ஏறி விளையாடுமளவு சரக்கு வெளியிற் கிடந்தும் கணக்குத் தவறாமைக்குக் காரணம் அப்பொறியே. பொறி பெற்றது கணக்கில் ஏறியது, பெறாதது ஏறாதது. காவலன் செய்யும் பணியிற் பாதியைக் குறி செய்துவிடுகின்றது.

இதே ஊரைச் சிலப்பதிகாரமும் பாடுகின்றது. அந்நூலின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் பொருளுக்கு அது பெரிதும் தடையாகாது. இந்திரவிழவூரெடுத்த காதையிற் கூறப்படும் ஐவகை மன்றங்களுள் வெள்ளிடை மன்றம் ஒன்று. அங்கே புதியராய் வந்த வணிகரின் பொதிகள் கிடக்கின்றன. அவற்றின்மேல் உடையார் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது, கண்ணெழுத்தும் இடப்பட்டிருக்கின்றது, எண்ணும் உண்டு. வாயிலும் தாழும் காவலும் இல்லை. கள்வன் எவனேனும் எடுத்தால், அப்பொதி அவன் தலையில் ஏறி அவனைச் சுழலச் செய்யுமேயன்றி எடுத்துச்செல்ல விடாது என்கின்றார் இளங்கோவடிகள். 

தெய்வத்தின் ஆற்றலாக இது சொல்லப்படினும், உலகியல் நோக்கில் இதன் உண்மை எளிது. பெயரும் எழுத்தும் எண்ணும் உடைய பொதியைத் திருடியவன் அதனை எங்கே விற்பான்? எவ்வங்காடிக்குச் சுமந்து சென்றாலும் பொதியே உடையானைக் காட்டிக்கொடுக்கும். சுமந்தவன் சுழல வேண்டியதுதான். கண்ணெழுத்து என்னும் சொல் வஞ்சிக் காண்டத்தில் அரசனின் திருமுகம் எழுதுவோரைக் குறிக்கும் ‘கண்ணெழுத்தாளர்’ என்னும் சொல்லிலும் வருதலின், பொதியின்மேல் இட்டது எழுத்தறிந்தார் முறைப்படி இட்ட குறிப்பே என்று கொள்ளுதல் தகும்.

இஃது வெறுங்கற்பனை அன்று என்பதற்குத் தொல்பொருட் சான்றுகளும் துணைநிற்கின்றன. அரிக்கமேடு, கொடுமணல், அழகன்குளம், கீழடி முதலிய இடங்களில் தமிழ்ப்பிராமி எழுத்தில் ஆட்பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்துள்ளன. செங்கடற் கரையில், எகிப்து நாட்டுக் குசீர் அல்காதிம் என்னும் பழந்துறையிற் கிடைத்த ஓடுகளிற் கணன், சாதன் என்னும் பெயர்கள் உள்ளன. கலத்தில் தன் பெயரைக் கீறியவன் புலவன் அல்லன். தன் உடைமை பிறர் உடைமையோடு கலந்துவிடக் கூடாது என்று கருதிய உலகியல் மனிதன். தமிழெழுத்தின் தொன்மையை இவ்வோடுகளைக் கொண்டு நிறுவுகின்றோம். அவ்வெழுத்து எதற்காகக் கீறப்பட்டது என்பதை அத்துணை வினவுவதில்லை.

இனிக் கடையின் தோற்றத்திற்கு வருவோம். புகாரின் கடற்கரையில் இரவு வாணிகம் நிகழ்ந்ததைக் கடலாடு காதை விளக்குகளின் வரிசையாகவே காட்டுகின்றது. வண்ணமும் சாந்தும் மலரும் விற்போர் விளக்கு வேறு. அப்பம் சுடும் கூவியரின் குடத்தண்டின்மேல் வைத்த அகல் வேறு. மீன் விற்போர் விளக்கு வேறு. இருளில் வருவோன் விளக்கைக் கண்டே சரக்கை அறிந்திருத்தல் கூடும். மதுரைப் பொன்கடை வீதியில் இதே பணியைப் பகலிற் கொடி செய்கின்றது. சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்னும் நால்வகைப் பொன்னில் எது எங்குளது என்று கொள்வோர் மயங்காவண்ணம் கொடி எடுத்தனர் என்று ஊர்காண் காதை கூறுகின்றது. கொடியை நகரின் அணியாக மட்டும் கொள்வார் அக்காதை கூறும் காரணத்தை நோக்குவாராக. 

அடுத்து அறுவை வீதி வருகின்றது. நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்தவை பலநூறு அடுக்குகளாகச் செறிந்துள்ளன. அதற்கும் அடுத்தது கூலவீதி. துலாக்கோல் உடையார், பறை என்னும் அளவு உடையார், அம்பணம் என்னும் மரக்கால் உடையார் எங்கும் திரிகின்றனர். (பறை இன்றும் கேரளத்தில் நிறைபறையாக மங்கல வினைகளில் நிற்கின்றது.) மிளகு மூடையும் கூலமும் குவிந்துள்ளன. இங்கே அடிகள் ‘காலமன்றியும்’ என்றொரு சொல்லை வைக்கின்றார். அதனை அளப்போர் திரிதலொடு கூட்டிப் பொருள் கொள்ளலாம். சரக்குக் குவித்தலொடும் கூட்டலாம். யாம் பின்னதையே கொள்கின்றோம். விளையும் காலத்திற் கூலம் குவிந்திருத்தல் உழவன் களத்திலும் உண்டு. விளையாக் காலத்தும் குவிந்திருத்தலே வணிகன் கடைக்குரிய இலக்கணம். அறுவடையில் மலிந்தபோது கொண்டு, அருகியபோது கொடுக்கும்வரை காத்துவைப்பதற்குக் களஞ்சியமும் கைம்முதலும் வேண்டும். எலிக்கும் ஈரத்திற்கும் போவது எவ்வளவு என்னும் கணக்கும் வேண்டும். சொற்சுருக்கம் மிக்க அடிகள் பயனின்றி அச்சொல்லைப் பெய்திரார்.

இவ்வீதிகளைச் சுற்றிப் பார்ப்பவன் யார் என்பதையும் மறத்தல் கூடாது. கோவலன் வணிகர் குடியிற் பிறந்தவன். குன்றென இருந்த பொருளைத் தொலைத்தவன். அவனிடம் எஞ்சிய சரக்குச் சிலம்பு மட்டுமே. அடுக்கிய துணியையும் குவித்த கூலத்தையும் கொடியிட்ட பொன்னையும் கண்டு மகிழ்ந்து மீள்கின்றான். மறுபடி அந்நகரிற் புகும்போது அவன் கையில் ஒற்றைச் சிலம்பு இருக்கின்றது.

புகாரில் காவலின்றிக் கிடந்த பொதியையும் மதுரையிற் கோவலன் கையிலிருந்த சிலம்பையும் ஒருங்குவைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். பொதியின் குறி புறத்தே இருந்தது. எழுத்தறிந்த எவனும் படிக்கலாம். சிலம்பின் குறி அகத்தே இருந்தது, உடைத்தாலன்றித் தெரியாது. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனுக்கு அவ்வொரு வேறுபாடே போதுமாயிற்று. புறத்தோற்றம் ஒத்திருந்தமையின் இதுவே அது என்றான். மன்னனும் ஆராயாது நம்பினான். கண்ணகி வழக்குரைக்கும்போது கேட்பது அறவுரை மட்டும் அன்று. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சொல்லி, எதிர்த்தரப்புப் பொருளின் பரல் முத்து என்பதை மன்னன் வாயாலேயே பெறுகின்றாள். சரக்கின் அடையாளத்தைக் கூறி உடைமையை நிறுவும் வணிகமகளின் வழக்கு அது. கொலைக்கு முன் எவரேனும் அவ்வொரு வினாவை வினவியிருப்பின் காப்பியம் வேறாகியிருக்கும். ஊழ்வினையே காரணம் என்னும் அடிகளின் கொள்கையை யாம் மறுக்கவில்லை. ஊழ் எவ்வழியாகப் புகுந்தது என்பதையே சுட்டுகின்றோம்.

இருப்பெழுதும் முறையின் உச்சநிலையைக் காணக் கடையை விட்டுக் கோயிலுக்குச் செல்லவேண்டும். முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெரியகோயிலுக்கு அளித்த அணிகலன்களைக் கல்லில் வெட்டியிருக்கும் முறை வியப்பைத் தருவது. பொன் ஆடவல்லான் என்னும் பெயருடைய கல்லால் நிறுக்கப்பட்டது. முத்துக்கள் எண்ணப்பட்டதோடு வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து எனத் தரமும் பிரிக்கப்பட்டன. கோத்த சரடு போன்றவற்றை நீக்கிய நிறையும் குறிக்கப்பட்டது. தரம், எண்ணிக்கை, நிகர நிறை ஆகிய மூன்றையும் குறிக்கும் பழக்கம் ஒரு நாளில் தோன்றியிராது. முத்தின் தரப்பெயர்கள் கடைத்தெருவிற் பிறந்து கோயிற் கல்லில் ஏறியவையே என்று கருதுகின்றோம். அரசன் ஆணையால் மட்டும் இத்தகைய நுண்பெயர்கள் தோன்றா. வாங்கி விற்பவனின் விரலும் கண்ணுமே அவற்றை ஆக்கும்.

சிறுகடைக்காரனின் உண்மைத் துன்பம் மொத்தத்திற் கொண்டதைச் சில்லறையில் விற்பதில் உளது. கலம் ஒன்றுக்கு 12 மரக்கால். மரக்கால் 8 நாழி. நாழி 8 ஆழாக்கு. ஆழாக்கு 5 செவிடு. எனவே கலத்தளவிற் கொண்டு ஆழாக்களவில் விற்பவன் ஒரு கலத்தை 768 முறை அளக்கின்றான். ஒவ்வொரு முறையும் அரைச் செவிடு மிகுதியாக விழுந்தால் கலத்திற்கு ஒன்பதரை நாழிக்குமேல் போய்விடும். அஃதாவது ஒரு மரக்காலுக்கும் மிகுதி. கணக்குத் தெரியாதவனுக்கு இழப்பு எங்கு நேர்ந்தது என்பதே புலப்படாது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை நெட்டுருச் செய்வித்து, 320இல் ஒரு பங்காகிய முந்திரிவரை சிறுவர்க்குக் கற்பித்ததன் காரணம் இதனால் விளங்கும். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தைப் புதிர்க்கணக்கு நூலென்று நகைப்பார் உளர். அந்நூற் கணக்குகளிற் பயின்ற மனம் அரைச் செவிட்டைத் தப்பவிடாது.

தொல்காப்பியர்க்கும் இவ்வளவுப் பெயர்கள் இலக்கணப் பொருளாயின. அளவுப்பெயரும் நிறைப்பெயரும் ஒன்பது எழுத்துக்களை முதலாகக் கொண்டு வரும் என அவர் வரையறுக்கின்றார். புணர்ச்சி விதிக்காகக் கூறப்பட்டதாயினும், அவ்வாறு வரையறுப்பதற்கு முன் வழக்கிலிருந்த பெயர்களையெல்லாம் ஒருவர் தொகுத்து நோக்கியிருத்தல் வேண்டும்.

அண்மைக் காலத்துக் கடைகளில் அன்றன்று நிகழ்ந்ததைச் சிட்டையிற் குறித்து, பேரேட்டில் ஆள்வாரியாகவும் சரக்குவாரியாகவும் ஏற்றி, ஆண்டிறுதியில் ஐந்தொகை எடுத்தனர். நெல் அளப்போர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாது ‘லாபம்’ என்று தொடங்கும் வழக்கம் இக்கணக்கு மரபின் மங்கல முகம். 1957 ஏப்பிரலிற் பதின்கூற்று நாணயமும், 1958 அக்டோபர் முதற் படிப்படியாக மெட்ரிக் அளவைகளும் வந்தபின், முந்திரியும் செவிடும் கடையைவிட்டு நீங்கின. சிட்டையும் பேரேடும் இருப்பும் கொள்முதலும் நீங்கவில்லை. கணிப்பொறியிற் கணக்கெழுதும் கடைகளிலும் அச்சொற்கள் வழங்குகின்றன. பழங்கடைகளின் பேரேடுகள் பல வீட்டுப் பரண்களிற் செல்லரித்துக் கிடக்கின்றன. பாட்டு ஏடுகளைத் தேடிய ஆர்வத்தோடு இவற்றை யாரும் தேடவில்லை. அவ்வேடுகளில் வழங்கும் சரக்குப் பெயர்களையும் கணக்குச் சொற்களையும் தொகுத்து ஆராய்தலை மற்றொரு கட்டுரைக்கு விடுகின்றோம்.